ஆலைச் சங்கும் பனிமூட்டமும்



திருக்குர்ஆனின் 106ஆவது அத்தியாயமாகிய சூரத்துல் குறைஷ், நம்மில் பெரும்பாலோர் சிறு வயதிலேயே மனனம் செய்துவிட்ட சிறிய அத்தியாயம். மக்காவின் குறைஷியர் மேற்கொண்ட குளிர்காலப் பயணத்தையும் கோடைக்காலப் பயணத்தையும் அது குறிப்பிடுகிறது. குளிர்காலத்தில் தெற்கே யமனுக்கும் கோடையில் வடக்கே ஷாமுக்கும் அவர்களுடைய வணிகக் கூட்டங்கள் சென்றன என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். பருவம் மாறியபோது அவர்கள் திசையையே மாற்றிக்கொண்டார்கள்.

பாலாற்றங்கரையில் வாழும் நாம் அவ்வாறு திசையை மாற்றிக்கொள்ள முடியாது. வாணியம்பாடியில் வீடும் ஆம்பூரில் வேலையும் உள்ளவருக்கு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைதான் வழி. ஆயினும் புறப்படும் நேரத்தை மாற்றலாம். சென்று சேர வேண்டிய நேரத்தையும் மாற்றலாம். மார்கழியிலும் தையிலும்கூட அந்த நேரத்தை நாம் அசைப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் முறையீடு. இதைத் தொழிலாளர் குடும்பங்களும் படிக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, ஆலை நடத்தும் குடும்பங்கள் படிக்க வேண்டும். இரு சாராரும் ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நிற்பவர்கள் என்பதால்தான் இதை இங்கே எழுதத் துணிகிறேன்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் தொழில் வட்டாரத்தின் டேனரிகளையும் ஷூ கம்பெனிகளையும் பெருமளவில் வளர்த்தெடுத்தவர்கள் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள். அவற்றில் வேலை செய்வோரில் எல்லாச் சமுதாயத்தாரும் இருக்கின்றனர். பெண்கள் கணிசமாக உள்ளனர். சிலருக்குக் கம்பெனி வண்டி வருகிறது. அந்த வண்டி நுழையாத தெருக்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருப்பவர்களுக்கு மோட்டார் சைக்கிளோ மொபெட்டோதான் துணை. 1980இல் ஓசூரில் டி.வி.எஸ். 50 உருவான நாள் தொட்டு, தமிழ்நாட்டு உழைக்கும் குடும்பத்தின் முதல் வாகனம் பெரும்பாலும் மொபெட்டாகவே இருந்து வந்திருக்கிறது. அரிசி மூட்டை, தோல் கட்டு, பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, வேலைக்குச் செல்லும் மனைவி என அனைத்தையும் சுமந்த அந்த எளிய வண்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எனினும் அது பனிமூட்டத்துக்காகச் செய்யப்பட்ட வண்டி அன்று.

இங்கே ஏன் இவ்வளவு பனி? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வானம் தெளிகிறது. ஏரிகளிலும் வயல்களிலும் ஈரம் தங்கியிருக்கிறது. மேகப் போர்வை இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாக உறைந்து நிற்கிறது. ஒருபுறம் ஜவ்வாது மலையும் ஏலகிரியும், மறுபுறம் ஆந்திர எல்லைக் குன்றுகளும் இருக்க, சரிவுகளில் இறங்கும் குளிர்காற்று பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வந்து தேங்குகிறது. இந்த மூடுபனி நள்ளிரவைவிட விடியலை ஒட்டியே அடர்த்தியாகும். சூரியன் எழுந்த பின்னும் சிறிது நேரம் கூடிவிட்டுத்தான் கலையத் தொடங்கும். அதாவது, நம் தொழிலாளி வண்டியைக் கிளப்பும் அதே நேரத்தில்தான் சாலை மிக மோசமாக இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து அதே சாலையில் காரில் வரும் மேலாளர், வழக்கமான வெயிலைத்தான் காண்பார். ஏழரை மணிக்கு அங்கே என்ன இருந்தது என்பது அவர் கண்ணில் படுவதேயில்லை. தாமதத்துக்குப் பனியைக் காரணமாகச் சொல்பவர் பொய்யராகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

பார்வை எட்டும் தொலைவு 1 கிலோமீட்டருக்குக் குறைந்தாலே வானிலைத் துறை அதை மூடுபனி என்று குறிக்கிறது. 200 மீட்டருக்குக் குறைந்தால் அடர் மூடுபனி. ஏரிக்கரை ஓரங்களிலும் ஆற்றுப் பாலங்களின் மேலும் அது 50 மீட்டருக்கும் கீழே இறங்குவதுண்டு. இனிக் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 14 மீட்டர் கடக்கிறது. முன்னால் ஏதோ நிற்கிறது என்று கண் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கை அழுத்த ஒன்று முதல் ஒன்றரை நொடி ஆகும். ஈரச் சாலையில் வண்டி நிற்பதற்கான தொலைவையும் சேர்த்தால் ஏறத்தாழ 40 மீட்டர் வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அதில் பாதி போதும். பின்விளக்கு எரியாமல் சாலையோரம் நிற்கும் லாரிக்கும், கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டருக்கும் பின்னால் வருபவருக்கு அந்த 20 மீட்டர் வேறுபாடுதான் உயிர்.

கைவிரல்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குளிர்காற்றில் அரை மணி நேரம் பிடியைப் பற்றியிருந்த விரல்கள் மரத்துப்போகும். பிரேக் பிடிக்க எடுக்கும் நேரம் நீளும். இது மணாலியின் குளிர் அன்று என்று நகைப்பவர்கள் உண்டு. காற்றில்லா முற்றத்தில் நிற்பவர் உணரும் குளிரும், வண்டியில் காற்றைக் கிழித்துச் செல்பவர் உணரும் குளிரும் ஒன்றல்ல. ஜெர்கின் இல்லாதவர்கள் சட்டைக்குள் நாளிதழை மடித்து வைத்துக்கொண்டு போவதை நாம் பார்த்திருக்கிறோம். அது உண்மையிலேயே பயன் தரும் உபாயம். காகிதம் காற்றைத் தடுக்கிறது. காதுகளை இறுக மூடும் மங்கி குல்லாவுக்கு மட்டும் என் ஆதரவு இல்லை. பனியில் கண் பாதி வேலைதான் செய்கிறது. மீதி வேலையைக் காதுதான் செய்ய வேண்டும். மேலும், குல்லா போட்டவர் அதன்மேல் தலைக்கவசம் நுழையவில்லை என்று கவசத்தை வண்டியின் கொக்கியில் மாட்டிவிடுகிறார்.

முகப்பு விளக்கைப் பற்றி ஒரு சொல். 2017 ஏப்ரல் முதல் விற்பனையாகும் இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போது விளக்கு தானாகவே எரிகிறது. அதற்கு முந்தைய பழைய மொபெட்டுகள் பலவற்றில் எஞ்சின் சுழலும் வேகத்தைப் பொறுத்தே விளக்கின் ஒளி கூடவும் குறையவும் செய்யும். பனியில் அஞ்சி வேகத்தைக் குறைத்தால் விளக்கும் மங்கும். விளக்கு வேண்டுமென்றால் ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டும். ஏழைக்கு இப்படியொரு பொறி! ஒளி நன்றாக உள்ள வண்டிகளிலும் பனியில் உயர் ஒளி உதவாது. அது நீர்த்துளிகளில் பட்டுச் சிதறி, வெள்ளைச் சுவராக நம் கண்ணுக்கே திரும்பி வரும். தாழ்வான ஒளியே பனிக்கு ஏற்றது. மூச்சு பட்டுக் கவசத்தின் கண்ணாடி மங்கினால் அதை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் தெளியும்.

இவையெல்லாம் ஓட்டுபவர் செய்ய வேண்டியவை. அவர் செய்யாமல் விடுவதற்கு அறியாமைதான் காரணம் என்று நான் நம்பவில்லை; நேரம்தான் காரணம். வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடையிலான தொலைவைத் தோராயமாக 16 கிலோமீட்டர் என்று கொள்வோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் இது 19 நிமிடப் பயணம். 30 கிலோமீட்டர் வேகத்தில் 32 நிமிடம். வேறுபாடு 13 நிமிடம். அடர்பனியில் ஒருவர் பாதுகாப்பாக வந்து சேர்வதற்கு ஆலை கொடுக்க வேண்டிய விலை இந்த 13 நிமிடம் மட்டுமே. எனக்குத் தெரிந்த ஒரு ஷூ கம்பெனியில் 8 மணிச் சங்குக்குப் பின் 5 நிமிடம் கடந்தால் வாசற்கதவு மூடப்படும். அதன்பின் அரைநாள் கூலி இல்லை. அந்த அரைநாள் கூலியைக் காப்பாற்றுவதற்காகத்தான் ஒரு குடும்பத் தலைவர் பனிக்குள் ஆக்சிலேட்டரை முறுக்குகிறார். நாம் அவருக்குச் சாலைப் பாதுகாப்பு உபதேசம் செய்கிறோம்.

முன்னரே புறப்பட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் அதற்குள் ஒரு கணக்குப் பிழை உள்ளது. ஜூன் மாதத் தொடக்கத்தில் நம் வட்டாரத்தில் சூரியன் 5.50ஐ ஒட்டி உதிக்கிறது. ஜனவரியின் பிற்பகுதியில் 6.40ஐத் தாண்டிவிடுகிறது. இடையில் ஏறத்தாழ 50 நிமிடம். பள்ளிவாசலின் நேரப்பலகை இதை அறியும். சுபுஹு ஜமாஅத்தின் நேரம் சூரியனோடு சேர்ந்து தள்ளிப்போகிறது. ஆலைச் சங்கு இதை அறியாது. அது ஜூனிலும் 8 மணி, ஜனவரியிலும் 8 மணி. ஆகவே சுபுஹை ஜமாஅத்தோடு தொழுகின்ற தொழிலாளிக்கு, தொழுகைக்கும் சங்குக்கும் இடைப்பட்ட நேரம் குளிர்காலத்தில் 50 நிமிடம் சுருங்கிப்போகிறது. தண்ணீர் பிடிப்பது, பிள்ளைகளைக் கிளப்புவது, சாப்பாடு கட்டுவது எல்லாம் அந்தச் சுருங்கிய நேரத்துக்குள். அத்துடன் சாலையில் மேலும் 13 நிமிடம் கூடுகிறது. முன்னரே புறப்படு என்று சொல்பவர், சுபுஹைத் தனியாகத் தொழுதுவிட்டு இருளிலும் பனியிலும் புறப்படு என்றுதான் சொல்கிறார். முஸ்லிம் முதலாளி ஒருவர் அப்படிச் சொல்ல விரும்ப மாட்டார் என்றே நினைக்கிறேன். அவர் சொல்லவில்லை, அவருடைய கடிகாரம் சொல்கிறது.

மார்க்கம் இதில் எங்கே நிற்கிறது? குளிரும் மழையும் மிகுந்த இரவுகளில், மக்கள் தத்தம் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளலாம் என்று முஅத்தின் மூலம் அறிவிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருந்ததாக இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. ஜமாஅத் தொழுகையின் சிறப்பை எவ்வளவோ வலியுறுத்திய மார்க்கம், வானிலையை ஒரு காரணமாக ஏற்று அதில் சலுகை வழங்கியிருக்கிறது. குளிரில் உளூச் செய்பவருக்கும் அப்படித்தான். முறைப்படி அணிந்த தோல் காலுறையின் மீது ஊரில் இருப்பவர் ஒரு பகலும் ஓர் இரவும், பயணி மூன்று பகலும் மூன்று இரவும் மஸ்ஹு செய்துகொள்ளலாம். தோலையே தொழிலாகக் கொண்ட ஊர்களில் இந்தச் சலுகையைப் பயன்படுத்துவோர் இத்தனை குறைவாக இருப்பது எனக்கு வியப்பளிக்கிறது. (சாதாரணப் பருத்திக் காலுறையில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உள்ளது, உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) உளூவின் ஈரம் உலராத கையோடு வண்டியைத் தொடாமல் துடைத்துக்கொண்டு கையுறை போடுங்கள் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

இறைவனுக்குரிய கடமையிலேயே குளிருக்கு இடமிருக்கும்போது, ஆலையின் வருகைப் பதிவேட்டில் இடமில்லாமல் போவது எப்படி? தாங்க இயலாத சுமையைப் பணியாளர் மீது ஏற்றுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அந்தச் சுமை தலையில் தூக்கும் மூட்டையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. 50 மீட்டர்கூடத் தெரியாத சாலையில் 8 மணிக்குள் வந்தாக வேண்டும் என்பதும் சுமைதான்.

சட்டமும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. இதை நம் குடும்பங்கள் பெரும்பாலும் அறிந்திருப்பதில்லை. தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்தில் 2010ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியிலோ வேலை முடிந்து திரும்பும் வழியிலோ நேரும் விபத்து, அதன் நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு தொடர்புடையவை என்று நிலைநாட்டப்பட்டால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவரின் குடும்பம், விபத்து சாலையில் நடந்தது என்பதாலேயே உரிமை இல்லை என்று எண்ணி ஒதுங்கிவிடக் கூடாது. கூலிப் பிடித்தத்துக்கும் வரம்பு இருக்கிறது. 1936ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டம் தொட்டு 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் வரை, தனியொரு தொழிலாளி வராமலிருந்த நேரத்தின் விகிதத்துக்கு மேல் பிடித்தம் செய்ய முதலாளிக்கு உரிமை இல்லை. 10 நிமிடத் தாமதத்துக்கு அரைநாள் கூலி என்பது வழக்கமாக இருக்கலாம், சட்டமாக இல்லை.

ஆலை நடத்துவோரின் தரப்பையும் கேட்க வேண்டும். ஷூ கம்பெனியில் வேலை சங்கிலிபோல் நகர்கிறது. மேல்தோல் தைப்பவர் வராவிட்டால் அடிப்பாகம் ஒட்டுபவர் சும்மா நிற்பார். வெளிநாட்டு ஆர்டருக்குக் கப்பல் நாள் இருக்கிறது. ஆளுக்கொரு நேரத்தில் வந்தால் ஆலை ஓடாது என்பது உண்மையே. அதனால்தான் ஆளுக்கொரு சலுகையை நான் கேட்கவில்லை; டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரை, ஏழெட்டு வாரங்களுக்கு, முழு ஆலைக்கும் சங்கை அரைமணி தள்ளி வையுங்கள் என்கிறேன். மாலையில் அந்த அரைமணியை ஈடுசெய்யலாம். இதில் ஒரு சிக்கல் இருப்பதை மறைக்கப் போவதில்லை. அந்நாட்களில் மஃக்ரிப் 6 மணியை ஒட்டியே வந்துவிடும். ஐந்தரைக்கு விடும் ஆலை ஆறுக்கு விட்டால் தொழுகை வழியில் மாட்டிக்கொள்ளும். ஆலைக்குள்ளேயே தொழுவதற்குப் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டியிருக்கும்; அல்லது மதிய இடைவேளையில் சிறிது எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பெண் தொழிலாளர்கள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்பதும் இருக்கிறது. இவற்றை அந்தந்த ஆலையில் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க முடியும். அரைமணி இயலாது என்றால், பனிநாட்களில் 15 நிமிடம் வரை வாசற்கதவைத் திறந்து வைத்து, கூலி பிடிக்காமலிருப்பது மிக எளிது. அதற்கு எந்தச் சங்கிலியும் அறுந்துவிடாது.

வீட்டாருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. இரண்டு பேர் செல்லும் வண்டியில் ஒரே தலைக்கவசம் இருப்பதும், அது கணவர் தலையில் இருப்பதும் நம் தெருக்களின் வாடிக்கை. பின்னால் அமர்பவரும் கவசம் அணிய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு கூறுகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 1,000 ரூபாய். அபராதத்தை விடுங்கள். விபத்தில் பின்னால் இருப்பவரும் தூக்கி எறியப்படுகிறார் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறியும். புர்காவின் மேல் கவசம் நிற்காது என்பது சாக்கு. தலையில் சுற்றும் துணியை மெல்லியதாகவும் ஊசி இல்லாமலும் அணிந்தால் கவசம் நன்றாகவே பொருந்தும். ஒருபக்கமாக அமரும்போது புர்காவின் ஓரமும் துப்பட்டாவும் பின்சக்கரத்தில் சிக்காதபடி வண்டியில் தடுப்புக் கம்பி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கறுப்பு நிறம் பனியில் பின்னால் வரும் வண்டிக்குத் தெரிவதில்லை. ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை ஒன்றைக் கைப்பையிலோ கவசத்தின் பின்புறத்திலோ ஒட்டுவதால் ஹிஜாபுக்கு எந்தக் குறையும் வராது. முன்னால் நிற்க வைத்து அழைத்துச் செல்லும் பிள்ளையின் மார்பில்தான் முதல் குளிர்காற்று அறைகிறது. விபத்திலும் முதல் அடி அதற்கே. பனிக்காலத்தில் மட்டுமாவது அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

தக்தீர் என்று சொல்லி இதையெல்லாம் ஒதுக்குபவர்களுக்கு ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியை நான் மீண்டும் எடுத்துரைக்கப் போவதில்லை. அதை அவர்களே ஜும்ஆ பயானில் பலமுறை கேட்டிருப்பார்கள். கேட்க விரும்புவது ஒன்றுதான். ஒருவர் பனியில் அடிபட்டு இறந்தபின் ஜனாஸாவுக்கு ஊரே திரண்டு வருகிறது. ஆலைகூட அன்று சிறிது நேரம் விடுப்பு அளிக்கிறது. அந்த நேரத்தை அவர் உயிரோடு இருந்தபோது, ஒரு பனிக்காலை அளவுக்கு மட்டும், கொடுத்திருக்க முடியாதா?

மஹல்லா ஜமாஅத்துகள் இதை எடுத்துப் பேசலாம். நிர்வாகத்தில் ஆலை முதலாளிகளும் இருக்கிறார்கள், தொழிலாளர்களும் இருக்கிறார்கள். இதற்காகத் தனிக் கூட்டம்கூடத் தேவையில்லை. மார்கழி பிறப்பதற்கு முந்தைய ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். நம் ஹிஜ்ரி மாதங்கள் பிறையைப் பார்த்து வருபவை, பனியோ சூரியனைப் பார்த்து வருவது; ஆகவே ஒவ்வோர் ஆண்டும் இதை நினைவூட்ட யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நேரப்பலகையில் சுபுஹு நேரம் மாற்றி எழுதப்படும் அன்றே, ஆலைகளின் பனிக்கால நேரத்தையும் பக்கத்தில் எழுதி வைக்கலாம்.

அதுவரையில், வேலைக்குச் சென்றவர் சேர்ந்துவிட்டாரா என்று அறிய ஏழரை மணிக்கு அவருடைய கைப்பேசிக்கு அழைக்காதீர்கள். அவர் கவசத்துக்குள் பேசியைச் செருகிக்கொண்டு பதில் சொல்வார். எட்டேகாலுக்கு அழையுங்கள்.